ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் சொல்லுங்க

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலையில், ஊர்க்காரர்கள் பலபேருடைய பற்களை ஒட்டுமொத்தமாகக் குப்பையில் கொட்டியவன் நான். கொட்டியதோடு நிற்காமல், நல்ல காரியம் செய்த களைப்பில் டீ குடிக்கவும் போனேன்.

பதற வேண்டாம். பிடுங்கிய பற்கள் அல்ல, செய்த பற்கள்.

அதுவரை மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். கையில் வெர்னியர் என்ற அளவுகோல் இருக்கும், எதிரே போல்ட்டு இருக்கும். அளவு சரியாக இருந்தால் பச்சைப் பெட்டி, இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி. வாழ்க்கை அவ்வளவு தெளிவாக எனக்கு அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை. காண்ட்ராக்ட் முடிந்ததும், அறையில் கூடத் தங்கியிருந்தவன் ஒரு வழி சொன்னான். ஒரகடம் பக்கம் ஒரு பல் லேப்; சிஎன்சி மெஷின் ஓட்ட ஆள் தேடுகிறார்கள். "அதே மெஷின்தாம்ல. இரும்புக்குப் பதிலா பல்லு. அம்புட்டுதான்" என்றான். அம்புட்டுதான் என்று சொன்னவர்களை நம்பியே நான் கோவில்பட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

லேப் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. பல் டாக்டர்கள் அவரவர் கிளினிக்கில், பேனா மாதிரி ஒரு ஸ்கேனரை நோயாளியின் வாய்க்குள் விட்டுச் சுற்றிலும் படம் எடுப்பார்கள். அது எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். டிசைனர் திரையில் பல்லை வரைவார். நான் அதை மெஷினுக்குக் கொடுத்தால், கெட்டித் தோசை போல வட்டமாக, சாக்பீஸ் நிறத்தில் இருக்கும் ஜிர்கோனியா வில்லையிலிருந்து மெஷின் பல்லைக் குடைந்தெடுக்கும்.

சேர்ந்த வாரமே, வெளியே வந்த பற்களை வெர்னியர் வைத்து அளந்தேன். யாரும் அளக்கச் சொல்லவில்லை, கை அரித்தது. ஒவ்வொன்றும் டிசைனைவிடப் பெரிசு. மாட்டு டாக்டர் கொடுத்த ஆர்டரோ என்றுகூட நினைத்தேன். அத்தனையையும் சிவப்புத் தொட்டியில் கொட்டினேன். டீ குடித்துவிட்டு வந்தபோது, தொட்டிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து பற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாச்சி, அத்தினியும் குப்பைல கீது?"

"சைஸ் கூடுதலா இருக்குல்லா. ஒண்ணு விடாம அளந்து பாத்துட்டேன்."

"பெருசாத்தான் செதுக்கணும். உலைல வெந்தா சுருங்கும். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"சொல்லலியே."

"நீங்க கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. எங்கள் லைனில் கேள்வி கேட்பது சூப்பர்வைசரின் வேலை. மற்றவர்கள் முழிப்பதோடு சரி. அவர் என்னையும் உட்காரவைத்துப் பொறுக்கவைத்தார். நான் கையில் எடுத்துக்கொடுத்த ஒவ்வொரு பல்லுக்கும், "இது டெய்லரம்மாவுது... இது அந்த பஸ் டிரைவருது" என்று ஆள் சொன்னார். எனக்குச் சாக்பீஸ் துண்டு போல ஒரேமாதிரி தெரிந்தவற்றுக்கெல்லாம் அவரிடம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அவர்தான் லேபின் டிசைனர். என் வயதுதான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடம் முடித்து டென்டல் மெக்கானிக் படித்து, பிறகு கம்ப்யூட்டரில் பல் வரையக் கற்றுக்கொண்டு வந்தவர். லேபில் எல்லோரும் "மேடம்" என்று கூப்பிட்டோம். ஆரம்பத்தில் கிண்டலுக்கு, பிறகு பழக்கத்துக்கு. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கண்டிப்பாக போன் வரும். எதுக்கு எழுதினீங்க, யார் கேட்டாங்க, பல்லைப் பத்தி எழுதினீங்களா என்னைப் பத்தி எழுதினீங்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் போன் சார்ஜ் தாங்காது.

அவரைப் பற்றி ஒரே விஷயம் சொல்லச் சொன்னால் அதுதான். கேட்பார். பல் உள்ள எவரைக் கண்டாலும் கேட்பார்.

பேசும்போது கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். புதிதாகப் பேசுகிறவர்கள் உதட்டோரம் சட்னி ஒட்டியிருக்கிறது போலும் என்று துடைத்துக்கொள்வார்கள். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில், முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் கொட்டாவி விட்டார். மேடம் எட்டிப் பார்த்து, "கடைவாய்ப் பல்லு மேல கேப் மாட்டிருக்கீங்களே, எந்த லேப்ல பண்ணது?" என்று கேட்டார். அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தே போய்விட்டார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தால் தன் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் எதிரே உட்கார்ந்தவர் மெல்வதைப் பார்ப்பார். டயர் கடைக்காரர் ஒருநாள் மாடிக்கு வந்து பிரியாணி சாப்பிட்டபோது, "வலது பக்கம் மட்டுமே மெல்றீங்களே, லெஃப்டுல இன்னா பிரச்சினை?" என்றார். டயர் கடைக்காரர் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, "என் பொண்டாட்டிக்கே தெரியாதும்மா இது" என்றார்.

இதெல்லாம் பொழுதுபோக்கு. அவருடைய உண்மையான அட்டகாசம் போனில்.

லேப் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை நாங்கள் பார்ப்பதே கிடையாது. எங்களுக்கு வருவது ஒரு கேஸ் நம்பர், எந்தப் பல், என்ன நிறம், டாக்டர் எழுதிய ஒரு வரி. அந்த வாய் தண்டலத்தில் இருக்கிறதா தாம்பரத்தில் இருக்கிறதா என்று நினைத்துப்பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மேடத்துக்கு அது பொறுக்காது. கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் பெண்களையெல்லாம் சிநேகம் பிடித்துவைத்திருந்தார். அவர்களிடம் சொல்லி, நோயாளி சம்மதித்தால் நம்பர் வாங்கி, நேராகக் கூப்பிட்டுவிடுவார்.

"வணக்கங்க. உங்க பல்லு என்னாண்டதான் கீது. ஒரு நிமிஷம் பேசலாமா?"

இப்படி ஒரு போன் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பாதிப்பேர் கட் செய்வார்கள். ஒருவர், "ஏம்மா, ஆதார் போயி பேங்க் போயி இப்ப என் பல்லை வெச்சும் லோன் எடுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது.

பேச ஒத்துக்கொண்டவர்களுக்கு முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் சொல்லுங்க."

முன்பல் சரியான நீளம் இருந்தால்தான் கீழுதட்டை லேசாகத் தொட்டு அந்த ஃப வரும். கூடினால் காற்று தெறிக்கும், குறைந்தால் நழுவும். உதடு மூடுவதைக் கேட்க, "செம்பரம்பாக்கம் சொல்லுங்க." போன் காதில் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி யாரோ ஒரு ஆபரேட்டர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் பக்கத்து சீட்காரர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆனால் பயன் இருந்தது. அந்த டெய்லரம்மா நூலைப் பல்லால் கடித்தே அறுப்பவர் என்று போனில்தான் தெரிந்தது. அவருக்கு அந்த ஓரத்தை மட்டும் கெட்டியாக வைத்தார். ஹாஸ்டலில் இருக்கும் ஒரு பெண், கம்பெனி லைனில் நிற்கும்போது ஐடி கார்டு கயிற்றைக் கடிக்கிறவள். "அத்த விட்ருவியா, இல்ல அதுக்குத் தக்கன செய்யட்டா?" என்று மேடம் கேட்டார். "விட்ருவேன்க்கா" என்றாளாம். மேடம் அதற்குத் தக்கபடியே செய்தார்.

லேபில் புது சாஃப்ட்வேர் வந்தது. ஸ்கேனைக் கொடுத்துக் கண் மூடித் திறப்பதற்குள் பல்லைத் தானே வரைந்து காட்டும். இனி டிசைனர் பாடு திண்டாட்டம் என்று எல்லோரும் குசுகுசுத்தோம். அவருக்கோ அதைக் கண்டதில் எங்களில் யாருக்கும் இல்லாத சந்தோஷம். "பாருங்க அண்ணாச்சி, இன்னா அழகா மடிப்பு போட்ருக்கு! நான் ஒரு மணி நேரம் பண்றத்த நிமிஷத்துல பண்ணிடுச்சி." மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தில் இன்னும் நாலு பேருக்கு போன் போட்டார்.

"இந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியும்" என்பார் திரையைத் தட்டி. "ஆனா எதையும் யாராண்டயும் கேக்கணும்னு தோணாது."

என்னைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

இந்த சந்தோஷத்துக்கு வினை வந்தது. ஒரு டாக்டர் புகார் செய்தார். என் நோயாளியிடம் லேப்காரர்கள் எப்படிப் பேசலாம், நான் எழுதியது போதாதா என்று. லேப் ஓனர் கெட்டவர் இல்லை. கிளினிக்குகள் கைவிட்டுப் போனால் மெஷினுக்குத் தவணை கட்டமுடியாது என்ற பயம் மட்டும் அவரை விட்டு இறங்காது. மேடத்தைக் கூப்பிட்டு எங்கள் எல்லோர் எதிரிலும் சொன்னார்.

"இன்னைலேந்து பேஷண்டுக்கு போன் கூடாது. டாக்டர் இன்னா எழுதறாரோ அதான். இன்னொரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா நானே நெனச்சாலும் உன்னை வெச்சிக்க முடியாதும்மா. பாத்துக்க."

அன்று அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. யார் வாயையும் பார்க்கவும் இல்லை.

"விடுங்க மேடம். இது போனா இன்னொரு வேலை" என்றேன். ஆறுதல் சொல்வதில் நான் எப்போதும் இந்தத் தரம்தான்.

"இன்னொரு வேலைதான், ரெடியா கீது. எங்க அண்ணன் அவன் கம்பெனில சொல்லி வெச்சிருக்கான். மொபைல் லைன்ல நிக்கணும். இந்த வேலை எப்ப போவும்னு காத்துகினு கீறான்."

"நல்லதுதான? பஸ் வருது, கேன்டீன் இருக்கு..."

"அண்ணாச்சி, ஒரே ஸ்க்ரூ. காலைல போனா சாய்ந்தரம் வரைக்கும் அதே ஸ்க்ரூ. அதாண்ட நான் இன்னான்னு கேக்கறது?"

ஸ்க்ரூவோடும் போல்ட்டோடும் குடும்பம் நடத்திவிட்டு வந்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அத்தனை வருஷத்தில் நான் ஒரு போல்ட்டிடமும் ஒன்றும் கேட்டதில்லை.

மேடம் கட்டுப்பட்டார். மாதக்கணக்கில் போனைத் தொடவில்லை. டாக்டர் அனுப்பும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்தார். லேப் அமைதியாக இருந்தது. ஓனருக்கு நிம்மதி. எனக்கு மட்டும் ஏதோ ஃபேன் நின்றுபோனது போலிருந்தது.

அப்போதுதான் விசில்காரர் கேஸ் வந்தது.

கன்டெய்னர் லாரிகள் வந்து நிற்கும் ஒரு யார்டில், லாரி ரிவர்ஸில் பின்னால் வரும்போது பார்த்து நிறுத்துகிறவர் அவர். கன்டெய்னர் கதவின் பூட்டுக் கம்பி எகிறி வாயில் அடித்து, மேல் முன்பற்கள் இரண்டும் உடைந்துபோயின. ஒரகடம் கூட்ரோட்டில் இருக்கும் கிளினிக்கின் டாக்டரம்மா, மிச்சமிருந்த பல்லைச் செதுக்கி, அதன்மேல் உறை போல மாட்ட இரண்டு கேப் கேட்டிருந்தார். சீட்டில் ஒரு வரி: இரண்டு பல்லுக்கும் நடுவே சந்து வேண்டாம். பல் பழையபடி எப்படி இருந்தது என்று தெரிவதற்காக, அவருடைய நண்பர் எடுத்த ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார்கள்.

மேடம் வீடியோவை ஓடவிட்டார். தூசிக்கு நடுவே ஒருவர் நிற்கிறார். மலை மாதிரி ஒரு லாரி அவரை நோக்கிப் பின்னாலேயே வருகிறது. அவர் கையை அசைக்கவில்லை, விரலை வாயில் வைக்கவில்லை. முன்பற்களின் நடுவே நல்ல அகலமாக ஒரு சந்து. அதில் நாக்கை வைத்து ஒரு விசில். லாரி அங்கேயே நின்றது. லேபிலும் எல்லோரும் நின்றுவிட்டோம்.

மேடம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சந்த அடைச்சா விசில் போயிடும்ல?"

"போயிரும்."

"அவருக்கு அது வேலையாச்சே. டாக்டரம்மா அழகுக்காக அடைக்கச் சொல்றாங்களோ?"

"இருக்கும்."

"போன் பண்ணி ஒரே ஒரு வார்த்தை..." என்று போனை எடுத்தார். ஓனர் அறையைப் பார்த்தார். கீழே வைத்தார்.

சீட்டில் எழுதியபடியே, சந்து இல்லாமல் இரண்டு பற்களை வரைந்து சேமித்தார். பிறகு ஆசை விடவில்லை. விசில் வரும்படி சந்து வைத்தால் எப்படி இருக்கும், சும்மா பார்ப்போம் என்று இன்னொன்று வரைந்து, அதையும் அதே இடத்தில் சேமித்தார். மறுநாளிலிருந்து அவருக்கு இரண்டு நாள் லீவு. மாமா பெண்ணுக்கு வளைகாப்பு.

இனி என் பங்கு.

காலையில் கேஸைத் திறந்தேன். இரண்டு டிசைன் இருந்தது. இங்கேதான் ஃபேக்டரிக்காரன் புத்தி வேலை செய்தது. எங்கள் கம்பெனியில் ஒரு பாகத்தின் வரைபடத்துக்குப் புதுத் திருத்தம் வந்துவிட்டால் பழையதை லைனில் வைத்திருப்பதே குற்றம். ஆடிட்டில் பிடித்தால் தொலைத்துவிடுவார்கள். கடைசியாக வந்ததுதான் சட்டம். ஆகவே கடைசியாகச் சேமித்ததை மெஷினில் போட்டேன். அதோடு விடாமல், முதலில் வரைந்ததை "பழசு" என்று பெயர் வைத்து ஒதுக்கியும் வைத்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நானாக இருந்திருக்கமாட்டேன். அவசர கேஸ் என்பதால் உலையில் வெந்து, நிறம் பூசி, அடுத்த நாளே பல் கிளினிக்குக்குப் போய்விட்டது. நிறம் பூசுகிறவர் நிறத்தைத்தான் பார்ப்பார். சந்து அவர் இலாகா இல்லை.

மேடம் லீவு முடிந்து, கையில் வளையலும் டப்பாவில் புளியோதரையுமாக வந்த காலையில் போன் வந்தது. ஓனர் ஸ்பீக்கரில் போட்டார். டாக்டரம்மா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சந்து வேண்டாம்னு எழுதியிருந்தேன். சந்தோட அனுப்பியிருக்கீங்க. பேஷண்ட் லீவு போட்டுட்டு வந்து சேர்ல உட்கார்ந்திருக்கார். நான் என்ன சொல்லட்டும்?"

ஓனர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் என் மெஷினைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

"நான்தான் சார். கடைசி ரிவிஷன்னு நெனச்சு போட்டுட்டேன்" என்றேன்.

"நீ போட்டே சரி. வரைஞ்சது யாரு?"

"நான்தான் சார்" என்றார் மேடம்.

ஓனர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ரெண்டு பேரும் போங்க. டாக்டரம்மாகிட்ட சாரி சொல்லிட்டு, பல்ல வாங்கினு வாங்க." பிறகு, எங்களைப் பார்க்காமல், "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார்.

மேடம் தன்னுடைய மவுஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அது அவர் சொந்தமாக வாங்கியது. என் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார். நான் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். பாதி, ஹெல்மெட்டுக்குள்ளேயே போயிருக்கும்.

கிளினிக்கில் விசில்காரர், நாங்கள் செய்த பல்லோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். இன்னும் ஒட்டவில்லை, பொருத்திப் பார்க்க மாட்டியிருந்தார்கள். கையில் கண்ணாடி. முகத்தில், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருடைய களை.

"அண்ணே, உங்க பல்லு செஞ்சது நாந்தான். சந்து வெச்சதும் நாந்தான்" என்றார் மேடம்.

"மெஷின்ல போட்டது நாந்தாங்க" என்றேன் நான்.

"இன்னாது, ரெண்டு பேரும் சரண்டர் ஆவ வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றார் அவர்.

மேடம் டாக்டரம்மாவைப் பார்த்தார். "டாக்டரம்மா, அவராண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கட்டா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே தலையாட்டினார்.

"அண்ணே, சந்து இருந்தாத்தான விசிலு? அது உங்களுக்கு வேணாமா?"

அவர் கண்ணாடியை மடியில் வைத்தார். "ஏம்மா, இத்தினி வருசமா யார்டுல என் பேரு இன்னான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. விசிலு வந்தாச்சா, விசிலு சாப்ட்டாச்சா. என் பொண்ணு படிக்கிற ஸ்கூலாண்ட வந்த ஒரு டிரைவரு, இது நம்ம விசிலு பொண்ணுடான்றான். அது வூட்டுக்கு வந்து அழுவுது. அன்னிக்கு கம்பி அடிச்சி ரத்தம் ஊத்துது பாரு, அப்ப நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? அப்பாடா, சந்து ஒழிஞ்சிதுன்னு நெனச்சேன். இப்ப யார்டுல வாக்கிடாக்கி குடுத்துட்டாங்க. அதுல பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்க. டாக்டரம்மாவாண்ட நாந்தான் கெஞ்சினேன், அடைச்சி வுட்ருங்கன்னு. நீ என்னடான்னா கரெக்டா அதே சந்த திரும்பக் குடுத்துட்டே."

மேடம் அவர் மடியிலிருந்த கண்ணாடியைப் பார்த்தபடி, "நான் போன்ல கேட்டிருந்தா இத்த சொல்லிருப்பீங்களா?" என்றார்.

"கேட்டா சொல்லமாட்டனா? யாரு கேட்டாங்க?"

"ஏன் கேட்கலை?" என்றார் டாக்டரம்மா, மேடத்தைப் பார்த்து. "நீங்க எல்லாருக்கும் போன் பண்ற ஆளாச்சே."

வாய் சும்மா இருக்காத நான் சொன்னேன்: "யாரோ ஒரு டாக்டரு கம்ப்ளைண்ட் பண்ணிட்டாங்கங்க. போன் பண்ணா வேலை போயிரும்னுட்டாரு ஓனரு. யாரு அந்தப் புண்ணியவானோ தெரியல."

"நான்தான்" என்றார் டாக்டரம்மா.

நான் சுவரில் மாட்டியிருந்த பல் துலக்கும் முறைகளை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தேன்.

நல்லவேளையாக மேடத்துக்கு உயிர் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு விசில்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தப் பக்கம் மெல்லுவீங்க, பாக்கு உண்டா, பொண்ணு எத்தினியாவது படிக்குது, சிரிச்சா ஈறு தெரியுமா, சிரிங்க பாக்கலாம், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் சொல்லுங்க. மாதக்கணக்கில் அடைத்துவைத்ததெல்லாம் வந்தது. அவரும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல, கிளினிக் லேப்டாப்பிலேயே பல்லைத் திருத்தினார் மேடம். சந்தை மூடினால் பல் அகலமாகிக் கரண்டி போலத் தெரிகிறது என்று ஓரங்களை வளைத்தார். அவர் முதலில் சீட்டில் உள்ளபடி வரைந்திருந்ததும் சரியாக இருந்திருக்காது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, இந்தப் பல்ல கழட்டறதுக்குள்ள, கடைசியா ஒருவாட்டி அடிச்சிக் காட்றீங்களா?"

விசில்காரர் யோசித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, சந்தில் நாக்கை வைத்து ஒரு விசில் விட்டார். வெளியே ரோட்டில் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு கன்டெய்னர் லாரி டக்கென்று நின்றது. அதற்குப் பின்னால் ஆட்டோ, பைக், பஸ் என்று ஹாரன் சத்தம் கூட்ரோட்டைத் தூக்கியது. டிரைவர் இறங்கி யார் யார் என்று தேடினார். விசில்காரர் நாற்காலியில் சரிந்து, வாயை மூடாமல் சிரித்தார். மேடம் எட்டிப் பார்த்து, "ஈறு தெரியல. நல்லது" என்றார்.

புதுப் பல்லுக்கான டிசைனை அங்கிருந்தே லேபுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பும்போது டாக்டரம்மா மேடத்தை நிறுத்தினார்.

"நான் இங்கேயே சின்னதா ஒரு மில்லிங் மெஷின் வாங்கப்போறேன். காலையில ஸ்கேன் எடுத்தா அன்னைக்கே பல் மாட்டி அனுப்பலாம். டிசைனுக்கு ஆள் வேணும். என் பேஷண்டுக்கு நீங்க போன் பண்றது எனக்கு இப்பவும் பிடிக்கலை. பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. வர்றீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் சரி என்றிருப்பார்கள். மேடம் கேட்க ஆரம்பித்தார். என்ன மெஷின், தண்ணி ஊத்தி அறுக்குறதா உலர்வா, சாஃப்ட்வேர் எது, உலை சின்னதா பெரிசா, பேஷண்டாண்ட எவ்ளோ நேரம் பேசலாம், பேச்சு நீண்டா திட்டுவீங்களா. டாக்டரம்மா கூப்பிட்டதை வாபஸ் வாங்கிவிடுவாரோ என்று எனக்குக் கலக்கமாக இருந்தது.

ஓனரிடம் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதியும் நஷ்டமும் மாறி மாறி வந்தன. "அங்கயும் போன் பில்லு ஏத்தாத" என்றார். அண்ணன் மட்டும் ஒரு வாரம் பேசவில்லையாம். லைனில் அவருக்காகச் சொல்லிவைத்திருந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததே.

லேபில் அவருடைய கடைசி நாள். கீழே டயர் கடையோரம் நின்று டீ குடித்தோம். நான் வழக்கம்போல் என் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். என் பழைய கம்பெனி, கோவில்பட்டியில் சின்ன வயதில் கடலைமிட்டாய் கடித்து உடைந்த கடைவாய்ப் பல், இடது பக்கம் ஐஸ் பட்டால் கூசுவது, அறையில் இருப்பவன் நான் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று போர்வையோடு வராந்தாவுக்குப் போனது. அவர் டம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

"மேடம், ஊர்ல இருக்கிற பல்லுக்கெல்லாம் போன் பண்ணி கேள்வி கேட்டீங்க. பஸ் ஸ்டாப்புல கொட்டாவி விட்டவரைக்கூட விடல. இத்தனை நாளும் பக்கத்துலயே இருந்தேன். என் பல்லப் பத்தி எங்கிட்ட ஒரு கேள்விகூட கேட்டதில்லையே, ஏன்?"

அவர் டம்ளரை வைத்துவிட்டு, என் வாயைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க, கேக்க வுட்டீங்க?"